நடை குலையாமல் புதிது செய்ய: எழுதுபவருக்கும் வரைபவருக்கும் அறிகுறிவாரியாக ஒரு பழுதுபார்ப்பு

இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில், ஹற்றனிலோ பண்டாரவளையிலோ எழுதுகிறவர்களும் வரைகிறவர்களுமாக நான்கு பேர் கூடினால் இரண்டு முறைப்பாடுகள் தவறாமல் வரும். எதை எடுத்தாலும் பழையதே திரும்பி வருகிறது என்பார் ஒருவர். புதிதாக ஏதாவது செய்தால் அது என் கைபட்டது போலவே இல்லை என்பார் இன்னொருவர். இருவருக்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்றேதான்: பாணியைக் கைவிடாதீர்கள், புதிதாகவும் முயலுங்கள். வயிற்றுவலிக்காரருக்கும் பல்வலிக்காரருக்கும் ஒரே குளிசையைக் கொடுக்கும் வைத்தியம் இது.

ஆகவே அறிகுறியிலிருந்து தொடங்குவோம். உங்களுக்குப் பொருந்தும் பகுதியை மட்டும் படித்தால் போதும். முன்பரிசோதனையை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

முன்பரிசோதனை

கடைசியாக முடித்த ஐந்தாறு படைப்புகளை எடுத்து வையுங்கள். முடித்தவை மட்டும்; பாதியில் நிற்பவற்றுக்குத் தனி இடம் கீழே உண்டு. கதைகள் என்றால் ஒவ்வொன்றின் முதல் பந்தியையும் கடைசிப் பந்தியையும் தனித்தாளில் பிரதி செய்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். படங்கள் என்றால் கைத்தொலைபேசியில் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, தீப்பெட்டி அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். நிறமும் நுணுக்கமும் போய்விட்டால் இருளும் வெளிச்சமும் எங்கே விழுகின்றன என்பது மட்டுமே மிஞ்சும். ஐந்து படங்களிலும் வலது மூலையில் ஒரே மலைச்சரிவு இறங்குகிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

இனி எல்லாவற்றிலும் திரும்ப வருபவற்றை எழுதுங்கள். அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பனிமூட்டம், லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகள், கூடை, மாடசாமி கோயில், சிவப்புக் கூரை ஆகியவை ஒரு பக்கம். எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள், யாருக்கு அருகில் நிற்கிறீர்கள், எதைச் சொல்லாமல் விடுகிறீர்கள், வாக்கியம் எவ்வளவு நீளம், படத்தில் தாளின் வெள்ளையை எங்கே பூசாமல் காப்பாற்றுகிறீர்கள் ஆகியவை மறுபக்கம். முதல் பக்கத்தில் இருப்பவை மலைநாட்டில் பேனா பிடிக்கும் எல்லோருக்கும் பொதுச் சொத்து. நடை என்று நீங்கள் உரிமை கொண்டாடக்கூடியது இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கிறது. நடை போய்விடுமே என்று அஞ்சுகிறவர்களில் அநேகர் காவல் காப்பது முதல் பக்கத்தை என்பது என் கணிப்பு.

இரண்டாம் பக்கம் வெறுமையாக இருந்தால் கவலை வேண்டாம். அதை நிரப்பும் வேலையைத்தான் சோதனை முயற்சிகள் செய்யும்.

அறிகுறி: "இதை முன்பே படித்தேனே" என்கிறார்கள்

பிரதி செய்த பந்திகளைப் பாருங்கள். முதல் பந்தியில் பனி, காலையில் வேலைக்குப் பேர் போடும் பிரட்டுக்குப் போகும் கால்கள், அடுப்புப் புகை. கடைசிப் பந்தியில் யாரோ இறக்கிறார்கள், அல்லது கொழும்பு பஸ்ஸில் ஏறுகிறார்கள். (நம் கதைகளில் பனிமூட்டத்துக்கும் பேர் போடுவதென்றால் கணக்கப்பிள்ளைக்குக் கை ஓய்ந்துவிடும்.) இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: திரும்ப வருவது பொருளா, கட்டமைப்பா?

பொருள் மட்டும் திரும்ப வருகிறது, கதையின் போக்கு ஒவ்வொன்றிலும் வேறு என்றால் பழுது இல்லை. மடகொம்பரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) வாழ்நாள் முழுவதும் தோட்டத்து மக்களை விட்டு விலகவில்லை. ஆங்கிலத்தில் கவிதையும் உரைநடையும் எழுதினார், தமிழில் நாவல் எழுதினார், தோட்டங்களில் பாடப்பட்ட நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். வடிவம் மாறிக்கொண்டே போனது, நிற்கும் இடம் மாறவில்லை. அவரைப் பார்த்து ஒரே விடயத்தையே எழுதுகிறார் என்று யாரும் குறைப்படுவதில்லை.

கட்டமைப்புத் திரும்ப வருகிறது என்றால் வேலை இருக்கிறது. பொதுவாக இங்கே எல்லோரும் செய்வது பொருளை மாற்றுவது. தோட்டத்தை விட்டுவிட்டுக் கொழும்பு அடுக்குமாடியில் கதையை நடத்துவார்கள். பனிக்குப் பதில் ஏசிக் குளிர் வரும், கடைசியில் அதே ஆள் அதே பஸ்ஸில் ஏறுவார். பொருளைத் தொடாதீர்கள். இடம், ஆட்கள், நிகழ்ச்சி மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, பார்க்கும் கண்ணை மட்டும் மாற்றுங்கள்.

ஓர் உதாரணத்தை முழுதாகவே பார்க்கலாம். கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கிறது. ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று இரண்டு கிலோ கழிக்கப்படுகிறது. நாம் வழக்கமாக இதைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் பக்கத்தில் நின்று எழுதுவோம். அவளுடைய களைப்பு, கழிக்கப்பட்ட கிலோ, வாய்க்குள் முணுமுணுத்த வசவு, அவ்வளவுதான். இப்போது அதே நிறுவையைத் தராசுக்கு இந்தப் பக்கம் நிற்கும் இளைஞனிடம் கொடுங்கள். உயர்தரம் வரை படித்தவன், அதே லயத்துப் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். வரிசையில் நான்காவதாக அவனுடைய தாய் நிற்கிறாள். முதல் மூன்று பேருக்கும் இரண்டு இரண்டு கிலோ கழித்தாயிற்று. தாயின் சாக்கு தராசில் ஏறுகிறது. அவள் அவனைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்க்கிறாள்.

அதே அநியாயம்தான். ஆனால் வசவு வர இடமில்லை, கண்ணீர் வர இடமில்லை, பஸ் வர இடமே இல்லை. உங்கள் பழைய முடிவு தானாகக் கழன்று விழும். எழுதி முடித்ததும் பழைய கதையையும் புதிய கதையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இவ்வளவு மாறிய பிறகும் இரண்டிலும் ஒன்றாக இருப்பது எது? ஒருவேளை இரண்டிலும் யாரும் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஒருவேளை இரண்டிலும் எண்களைத் துல்லியமாகச் சொல்லிவிட்டு உணர்ச்சியைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். அதை இரண்டாம் பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் திட்டமிடாமல் செய்தது, மாற்றத்திலும் பிழைத்து நின்றது. அதுதான் உங்கள் நடை. இதைச் சோதனை செய்யாமல் தெரிந்துகொள்ள வழி இல்லை என்பதால்தான் நடையையும் சோதனையையும் எதிரெதிர்க் கட்சிகளாகப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

அறிகுறி: ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் செய்தது போல் இருக்கிறது

உங்கள் ஐந்து படைப்புகளோடு நண்பர்கள் இருவரின் படைப்புகளையும் கலந்து, பெயரை மறைத்து, மூன்றாம் ஆளிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். கலை இலக்கியம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. பார்வை கூர்மையான ஓர் அக்கா போதும்.

சரியாகப் பிரித்துவிட்டார் என்றால் உங்களிடம் பழுது இல்லை. எதை வைத்துப் பிரித்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

பிரிக்க முடியவில்லை என்றால், ஒவ்வொரு படைப்பையும் செய்த காலத்தில் யாரைப் படித்துக்கொண்டிருந்தீர்கள், யாருடைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைக்கும். கடன் வாங்குவது குற்றமில்லை. கண்டியில் 1901இல் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற், உருவங்களை வடிவியல் துண்டுகளாக உடைத்துக் காட்டும் ஐரோப்பிய கியூபிசத்திலிருந்தும் எடுத்தார், இந்திய மரபிலிருந்தும் எடுத்தார், இலங்கை விகாரைச் சுவர்களிலிருந்தும் எடுத்தார். 1939–40இல் பொரளை கோதமி விகாரையில் புத்தரின் வாழ்க்கையைச் சுவரெங்கும் தீட்டினார், 1943இல் உருவான 43 குழு என்ற ஓவியர் அமைப்பில் ஒருவராக இருந்தார், கவிதையும் எழுதினார். எத்தனை பக்கமிருந்து வாங்கினாலும் அவருடைய கோடு மாறவில்லை. உருவத்தைச் சுற்றி அறுபடாமல் வளைந்தோடும் அந்தக் கோட்டைப் பார்த்ததும் கையெழுத்தைத் தேட வேண்டிய தேவை இருக்காது. வாங்கியதெல்லாம் அந்தக் கோட்டின் வழியாகத்தான் உள்ளே வந்தது.

உங்களுக்கு அப்படி ஒரு வாசல் இன்னும் அகப்படவில்லை என்றால் வரம்பு கட்டி ஒரு தொடர் செய்யுங்கள். ஓவியர்கள்: ஒரே அளவுக் கடதாசி, மூன்றே நிறங்கள், ஒரே இடம். தலவாக்கலை பஸ் நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதுபவர்கள்: நானூறு சொற்கள், ஒரே இடம், கதைக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் கடக்கக் கூடாது. மற்றவை எல்லாம் உங்கள் இஷ்டம். பஸ் நிலையத்தைக் கழுகுப் பார்வையில் வரையலாம், செருப்புகளை மட்டும் வரையலாம், ஆளில்லாமல் வரையலாம். முதல் சில படங்களில் நீங்கள் ரசித்த ஓவியர்கள்தான் வரைவார்கள். அவர்களுடைய சரக்கு தீர்ந்து, இனி இதில் செய்ய ஒன்றுமில்லை என்று சலிப்புத் தட்டும். அதற்குப் பிறகு வருபவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

அறிகுறி: தோட்டத்துச் சொற்களைச் சேர்த்தால் வாசகர் தடுமாறுகிறார், எடுத்தால் உயிர் போகிறது

மலையகத்தில் எழுதும் எவரும் இந்த இடத்தில் ஒருமுறை மாட்டுவார். யாழ்ப்பாணத்து வாசகர், மட்டக்களப்பு வாசகர், சென்னை வாசகர் எல்லோருக்கும் புரிய வேண்டும் என்ற ஆசையில் அடைப்புக்குறிகள் முளைக்கும்:

"ராசம்மா இஸ்தோப்பில் (வீட்டின் முன்புறத் திண்ணை) குந்திக்கொண்டு, பீலிக்கு (மலைநீர் குழாய் வழியே வந்து விழும் இடம்) போன மகளுக்காகக் காத்திருந்தாள்."

இது கதை வாக்கியமாக இல்லை, அகராதிப் பதிவாக இருக்கிறது. அடைப்புக்குறியை எடுத்துவிட்டு, அந்தச் சொல் செய்ய வேண்டிய வேலையைக் காட்சிக்குக் கொடுங்கள்:

"இஸ்தோப்பில் குந்தியிருந்த ராசம்மாவுக்குப் பீலியில் குடம் நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. எடுக்கக் காணோம். மகள் யாருடனோ பேசிக்கொண்டு நிற்கிறாள்."

பீலி என்றால் என்னவென்று தெரியாதவருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. மகளைப் பற்றியும் ஏதோ தெரிந்துவிட்டது. மலையகச் சிறுகதை எழுத்தாளர் என்.எஸ்.எம். ராமையா வானொலி நாடகங்களும் எழுதியவர். வானொலியில் அடிக்குறிப்புக்கு இடமில்லை. கேட்பவருக்குப் புரிவதும் புரியாததும் பேச்சிலும் சத்தத்திலும்தான் முடிவாகும். சந்தேகம் வரும் பந்தியை வானொலிக்கு எழுதுவதாக நினைத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். அடைப்புக்குறிகளை வாய் தானாகவே விழுங்கிவிடும்.

இன்னொரு பழுதும் இதே இடத்தில் ஒளிந்திருக்கும். முதல் பக்கத்தில் கதைசொல்லி நூல் தமிழில் பேசுகிறார். மூன்றாம் பக்கத்தில் ஓர் ஆவேசமான கட்டத்தில் தோட்டத்துப் பேச்சுக்கு வழுக்கிவிடுகிறார். ஐந்தாம் பக்கத்தில் பத்திரிகைத் தலையங்கத் தமிழ். இதைச் சிலர் சோதனை முயற்சி என்று சொல்லிக்கொள்கிறார்கள். உரையாடல்களை எல்லாம் பென்சிலால் அடித்துவிட்டுக் கதைசொல்லியின் வரிகளை மட்டும் தொடர்ந்து வாசியுங்கள். மொழி மாறும் இடத்தில் காரணம் இருக்கிறதா? இல்லை என்றால் அது கவனக்குறைவு, திருத்துங்கள். கதைசொல்லியே தோட்டத்துப் பேச்சில் பேச வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அப்படியே போக வேண்டும். பேசுவது யார், வயது என்ன, யாரிடம் சொல்கிறார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வயதான கங்காணி ஒருவரும் அவருடைய பேத்தியும் ஒரே தோட்டத்துப் பேச்சைப் பேசுவதில்லை.

அறிகுறி: தேயிலைச் சாயத்தில் வரைந்தேன், சரிவரவில்லை

இப்போது இளையவர்கள் பலர் கையில் எடுக்கும் சோதனை இது. மலையகத்து ஓவியர் தேயிலையாலேயே வரைவது எவ்வளவு பொருத்தம் என்று எல்லோருக்கும் தோன்றும். எல்லோருக்கும் உடனே தோன்றுவதுதான் இதன் முதல் பலவீனம். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் பழுது பொருளிலா பார்வையிலா என்று பிரிக்க வேண்டும். பொருளின் குற்றத்துக்காகத் தன் திறமையை நொந்துகொள்பவர்கள் அதிகம்.

நிறம் ஏறவில்லை: சாயம் போதிய கெட்டியாக இல்லை. தூளை நிறையப் போட்டுக் கொதிக்கவைத்து, பாதியாக வற்றவிட்டு, துணியில் வடியுங்கள். ஒரே பூச்சில் இருளைத் தேடாதீர்கள். மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுங்கள்.

பூச்சின் விளிம்பில் கோவாப்பூ போல் கறை விரிகிறது: அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் அடுத்த பூச்சைத் தொட்டுவிட்டீர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பனி இறங்கிய நாளில் அங்கே கடதாசி காய்ந்தது போல் தெரியும், காய்ந்திருக்காது. புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மழை விடாது. அதே மாதங்களில் மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் ஊவாப் பக்கம் வெயிலும் வறண்ட காற்றுமாக இருக்கும். ஊவாவின் வெலிமடை நண்பர் ஜூலை மாதத்தில் சொல்லிக்கொடுத்த முறை உங்கள் லயத்துக் காம்பராவில் பலிக்காததற்கு அவரும் காரணமில்லை, நீங்களும் காரணமில்லை.

கடதாசி அலை அலையாக எழும்புகிறது: பாடசாலைச் சித்திரக் கொப்பியின் தாள் இதற்குத் தாங்காது. சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத் தாளில் செய்யுங்கள், நான்கு விளிம்பையும் பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பூஞ்சணம் பிடிக்கிறது: சாயத்தை அன்றன்று காய்ச்சுங்கள். மிச்சத்தை வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு துளி கராம்பு எண்ணெய் விட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், வீட்டில் மற்றவர்கள் குடித்துவிடாதபடி போத்தலில் எழுதியும் வையுங்கள்.

கறுப்பு வேண்டும்: துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் சில நாட்கள் ஊறப் போட்டு, அந்த நீரைக் காய்ந்த தேயிலைப் பூச்சின் மேல் தொடுங்கள். கண்ணெதிரே சாம்பலாகிக் கறுக்கும். தேயிலையில் இருக்கும் தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. பழைய காலத்து இரும்பு மையும் இதே தத்துவத்தில்தான் செய்யப்பட்டது. அந்த மை காலப்போக்கில் காகிதத்தை அரித்ததும் உண்டு. விற்கும் படத்தில் இதைப் பாவித்தால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். தேயிலைப் பூச்சு வெளிச்சத்தில் மங்கக்கூடியது என்பதையும் சொல்லுங்கள்.

இவை எல்லாம் சரி, ஆனாலும் படம் சப்பென்று இருக்கிறது என்றால் பழுது பார்வையில்தான். அதே படத்தைச் சாதாரணப் பென்சிலில் வரைந்து பாருங்கள். பென்சிலிலும் நிற்கிறது என்றால் தேயிலை அதற்குத் துணை. பென்சிலில் விழுந்துவிட்டது என்றால் இதுவரை தேயிலையின் கதைதான் படத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம் எதையும் பழைய புகைப்படமாக்கிவிடும். நேற்றைக்கு நடந்த சம்பளப் போராட்டத்தை வரைந்தாலும் தாத்தா காலம் போல் தோன்றும். எனக்குத் தெரிந்து இதற்கு நல்ல மருந்து, பழுப்புக்குப் பொருந்தாததைப் பழுப்பில் வரைவது. கைத்தொலைபேசித் திரையின் வெளிச்சம் விழுந்த முகம், புத்தம்புதிய முச்சக்கர வண்டி, மின்சாரக் கம்பிகள். பொருளும் நிறமும் சண்டை போட்டால்தான் படம் விழித்துக்கொள்ளும்.

அறிகுறி: கூத்தில் புதுமை செய்தோம், பெரியவர்கள் "இது கூத்தே இல்லை, தம்பி" என்கிறார்கள்

எதில் கை வைத்தீர்கள் என்று முதலில் பாருங்கள். சிவன் காமனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்தில் இரண்டு அடுக்குகள் உண்டு. மாசி அமாவாசைக்குப் பிறகு பிறை பார்த்துக் காமன் ஊன்றுவது, ரதி மதன் வேடம் கட்டுபவர்கள் காப்புக் கட்டி நோன்பு இருப்பது, தகனம் ஆகியவை நேர்த்தியும் நம்பிக்கையும் சார்ந்தவை. இடையில் வரும் கேலி, வேடிக்கை வேடங்கள், உடுப்பு, புதிதாகக் கட்டும் பாட்டு ஆகியவை ஆட்டம் சார்ந்தவை. இரண்டாம் அடுக்கில் எல்லாத் தலைமுறையினரும் ஏதாவது சேர்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறார்கள். கூத்து வாத்தியாரிடம் பணிவாகக் கேட்டால் அவர் இளம் வயதில் தானே சேர்த்த பாட்டைப் பாடிக் காட்டக்கூடும். முதல் அடுக்கை நேரம் போதாது என்று வெட்டினால்தான் அந்த வசனம் வரும்.

அருச்சுனன் பாசுபதம் வேண்டித் தவமிருக்கும் கதையான அருச்சுனன் தபசுக் கூத்தில் உயரமான கம்பத்தில் ஏறிக்கொண்டே பாடுவது மண்டபத்துக்குள் முடியாது. கம்பத்தை மேசையாக்கிய ஒரு மேடையேற்றத்தைப் பார்த்திருக்கிறேன். பார்வையாளர் கழுத்தை நிமிர்த்தவே இல்லை, பாட்டின் நீளம் எதற்கென்றும் யாருக்கும் விளங்கவில்லை. ஏறும் உயரத்துக்காகத்தானே அந்தப் பாட்டு அவ்வளவு நீண்டது. கம்பம் வேண்டும் என்றால் வெளியில் ஆடுங்கள், மாற்றத்தை வேறெதிலாவது செய்யுங்கள். மண்டபம்தான் கிடைத்தது என்றால் தபசை விட்டுவிட்டு வேறு கட்டத்தை எடுங்கள். இரண்டும் இல்லாமல் முற்றிலும் புதிதாக ஒன்றைச் செய்திருந்தால் அதற்கு நாடகம் என்று பெயர் போட்டு, கூத்திலிருந்து எடுத்தது எது என்று அறிவிப்பில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

அறிகுறி: கேட்பவர்கள் ஒன்றையே கேட்கிறார்கள்

சிறப்பிதழுக்கு மலையகக் கதை ஒன்று வேண்டும் என்பார்கள். அதற்கு அர்த்தம் துயரக் கதை. எல்ல நகரில் படம் விற்கும் இளைஞனிடம் உல்லாசப் பயணிகள் அங்குள்ள ஒன்பது வளைவு ரயில் பாலத்தையும், சிவப்புச் சேலையில் கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணையும்தான் கேட்பார்கள். 1921இல் கட்டி முடிந்த பாலம் அது. இவ்வளவு முறை வரையப்பட்டும் இடிந்து விழாமல் நிற்பதே பெரிய விடயம்.

இதை நடைப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இது சம்பாத்தியப் பிரச்சினை. பாலத்தை வரைந்து விற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பழுது வருவது, அந்தப் படத்துக்கான கைப்பழக்கம் மற்றப் படங்களுக்குள் நுழையும்போதுதான். பரிசோதனை சுலபம்: யாரும் கேட்காமல் நீங்களாக வரைந்த கடைசிப் படத்தில் கூடை இருக்கிறதா? இன்றைக்கு மலையில் எத்தனையோ பேர் கூடைக்குப் பதிலாகச் சாக்குப் பையைத்தான் தலையில் மாட்டியிருக்கிறார்கள். மழைக்கு இடுப்பில் பொலித்தீன். நீங்கள் தினமும் காண்பது அது, வரைவது தபால் அட்டையை என்றால் கை உங்கள் கண்ணை நம்பவில்லை என்று பொருள்.

செய்ய வேண்டியது: விற்கும் படத்துக்கும் சொந்தப் படத்துக்கும் தாளின் அளவையே வேறாக வைத்துக்கொள்ளுங்கள். அளவு மாறினால் மணிக்கட்டின் ஓட்டம் மாறும், பழகிய கோடு அப்படியே வந்து உட்காராது. எழுதுபவர்கள் சிறப்பிதழுக்கான கதையைக் கொடுங்கள், ஆனால் அதில் ஒரு பாத்திரத்தையாவது கேட்டவர் எதிர்பார்க்காதவராக வையுங்கள். துயரக் கதை கேட்டவருக்கு, பங்குனி மாதத்துத் திருவிழாக் கணக்கில் பிசகு கண்டுபிடித்துத் தலைவரை விரட்டும் ஒரு பாட்டி போகட்டும்.

அறிகுறி: கதை, கவிதை, படம் என்று எல்லாவற்றிலும் கை வைக்கிறேன், எதிலும் நிலைக்கவில்லை என்கிறார்கள்

சொல்பவர்கள் சொல்லட்டும். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்ந்த மல்லிகை சி. குமார் கதையும் எழுதினார், கவிதையும் எழுதினார், படமும் வரைந்தார். ஒரு கலையில் அடைபட்டது இன்னொன்றில் திறக்கும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கதையில் கடினமான இடம் வந்ததும் தூரிகைக்கு ஓடுகிறீர்களா? ஓடினால் திரும்பி வந்து அந்த இடத்தை முடித்துவிட்டுப் போங்கள்.

அறிகுறி: என் நடை எனக்கே சலித்துவிட்டது, மற்றவர்கள் குறை சொல்லவில்லை

பழுது இல்லை. உங்கள் எழுத்தை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள், வாசகர் எப்போதாவது பார்க்கிறார். தொடருங்கள்.

அறிகுறி: சோதனைகள் தொடங்குகின்றன, முடிவதில்லை

பாதியில் நிற்பவற்றை இப்போது எடுங்கள். அநேகமாக எல்லாமே பெரியவை. நாவலை இரண்டாம் மனிதர் பார்வையில் எழுதுவது, சுவர் அகல ஓவியம், ஒரு தொகுப்பு முழுவதும் புதுவடிவக் கவிதை. புதிய முறை பலிக்குமா என்று பார்க்க நாவல் தேவையில்லை, ஒன்றரைப் பக்கம் போதும். ஒரு மலிவான கொப்பியை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கொப்பி வேண்டாம், நல்ல தாளைக் கண்டால் கை பயப்படும். ஒவ்வொரு முயற்சிக்கும் மேலே ஒரு வரி எழுதுங்கள்: எதை மாற்றுகிறேன், எதை மாற்றாமல் வைக்கிறேன். முடிந்ததும் கீழே ஒரு வரி: மாற்றாமல் வைக்க நினைத்தது நிலைத்ததா? இந்தக் கேள்விக்கு விடை எழுதிவிட்டால் அந்த முயற்சி முடிந்தது. படைப்பாக அது தோற்றிருந்தாலும் முடிந்ததுதான்.

பெரிய வேலை நடந்துகொண்டிருக்கும் மாதங்களில் கொப்பியைத் தூர வையுங்கள். நாவலின் ஏழாம் அத்தியாயத்தில் இருக்கும்போது வரும் புதுமை யோசனைகளில் பாதி, எட்டாம் அத்தியாயத்தை எழுதாமல் தப்பிக்க வருபவை. யோசனையை ஒரே வரியில் குறித்துவிட்டு எட்டாம் அத்தியாயத்துக்குப் போங்கள். அத்தியாயம் முடிந்த பிறகும் அந்த வரி உங்களை இழுத்தால் கொப்பியைத் திறக்கலாம்.